கழற்றாத நான்கு நட்டுகள்

எண்பத்தொன்பதாம் ஆண்டின் கடைசி மாதங்கள். இலங்கையின் மாத்தளை நகரில் பஸ் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு தையற்கடைக்குப் பக்கத்தில், வாகனங்களுக்கு வயரிங் வேலை பார்க்கும் சிறிய கராஜ் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். அந்த நாட்களை மாத்தளையில் கழித்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. கடையை மூடு என்று கிளர்ச்சிக்காரர்கள் சுவரில் ஒட்டிய துண்டுக் காகிதம் சொல்லும். திற என்று துப்பாக்கியோடு வந்த ஆமிக்காரர்கள் சொல்வார்கள். இரண்டில் எந்தப் பேச்சைக் கேட்டாலும் மற்றவர்களிடம் உயிர் போகும். காலையில் கடைக்கு நடந்து வரும்போது வீதியோரம் என்ன கிடக்கிறது என்று பார்க்காமல் வரப் பழகியிருந்தோம்.

அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது. குவைத்தில் வேலை செய்த மச்சான் கொண்டுவந்து கொடுத்த டிஜிட்டல் மீட்டர். ஊரில் மற்ற வயரிங்காரர்கள் எல்லாம் முள் ஆடும் பழைய மீட்டரும், பல்ப் ஒன்றில் இரண்டு வயரைக் கட்டிய டெஸ்ட் லாம்புமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். என்னுடையது மட்டும் எண்ணாகவே காட்டும். மஞ்சள் நிறம், உறை வேறு. அதை நான் என் பிள்ளைகளைக்கூடத் தொட விட்டதில்லை. சுருக்கமாகச் சொன்னால், மீட்டர் வந்த நாளிலிருந்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணியளவில் டீசல் வேன் ஒன்று வந்து நின்றது. இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்து வருபவர். ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, வேன் ஓட்டுகிறவர். முப்பது வயதிருக்கும். முன்பும் இரண்டொரு முறை என்னிடம் வந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் கைத்தொழில் தெரிந்தவரை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"காலங்காத்தால மக்கர் பண்ணுது பாஸ். பகல்ல ஒண்ணும் இல்ல. வீட்டுல அவளுக்கு நெறமாசம். எந்த நேரம் தூக்கிக்கிட்டு ஓடணுமோ தெரியல. அதான் இப்பவே பாத்துக்கலாம்னு வந்தேன்" என்றார்.

குளிர்ப் பிரதேசத்து டீசல் வண்டி காலையில் மக்கர் பண்ணினால் முதலில் பார்க்க வேண்டியது ஹீட்டர் பிளக்கை. பெற்றோல் இன்ஜின் மாதிரி டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. உள்ளே காற்று அழுத்தப்படும் சூட்டில்தான் டீசல் பற்றும். குளிரில் அந்தச் சூடு போதாது. அதற்காக ஒவ்வொரு சிலிண்டருக்கும் விரல் நீளத்தில் ஒரு பிளக் வைத்திருப்பார்கள். சாவியைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பிடித்தால் அதன் நுனி செக்கச் சிவக்கச் சூடேறும். பிறகு ஸ்டார்ட் பண்ணலாம். அந்த வேனில் நான்கு சிலிண்டர், நான்கு பிளக். நான்கின் தலையையும் ஒரு நீளமான பித்தளைப் பட்டை இணைத்திருக்கும். பட்டையை நான்கு சின்ன நட்டுகள் பிடித்திருக்கும்.

முன் சீட்டைத் தூக்கிவிட்டு என் மஞ்சள் மீட்டரை எடுத்தேன். ஒரு வயரை இன்ஜினில் வைத்து, மற்றதை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்து, மின்சாரத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்தேன்; நல்ல பிளக் ஒரு ஓமுக்குள் காட்டும். 0.9. அடுத்ததும் 0.9. மூன்றாவதும் நான்காவதும் அதேதான். பட்டையை நான் கழற்றவில்லை.

"நாலும் தங்கம் மாதிரி இருக்கு தம்பி" என்றேன்.

அவருக்கு முழுத் திருப்தி இல்லை. "பிளக்க கழட்டி பெட்டரில வச்சி, செவக்குதான்னு பாப்பாங்களே பாஸ்? ஒருக்கா அப்புடியும் பாத்துருவமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

நான் சிரித்தேன். அதெல்லாம் மீட்டர் இல்லாதவன் செய்யும் வேலை என்றேன். பிளக்கில் கோளாறு இல்லை, நீங்கள் சாவியைப் பிடிக்கும் நேரம்தான் போதாது, அவசரப்படாமல் இருபது வரை எண்ணிவிட்டுத் திருப்புங்கள் என்று புத்தி வேறு சொன்னேன். அவர் மந்திரம் மாதிரி, "இருவது... சரி பாஸ்" என்று தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஜீப் ஒன்று ஒலிபெருக்கியோடு வீதியில் போனது. நான்கு மணியிலிருந்து ஊரடங்கு. வேன்காரர் அவசரமாகப் புறப்பட்டுப் போனார். மேலே ஏற அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். எனக்கோ வீடு நடக்கும் தூரம். நான் உடனே கடையைச் சாத்தவில்லை. எட்டிப் பார்த்த பக்கத்துத் தையற்கடை முஸ்லிம் அண்ணனை, எங்கள் பேச்சில் நானாவை, கூப்பிட்டு மீட்டரின் மகிமையை விளக்கினேன். இரண்டு கைகளிலும் வயரைப் பிடிக்கச் சொல்லி, மனித உடம்பு மின்சாரத்தை எவ்வளவு தடுக்கும் என்றுகூட அளந்து காட்டினேன். நானா வாய் பிளந்து பார்த்தார். அரை மணி நேரம் அப்படிப் போனது. மூன்றரைக்குத்தான் கதவை இழுத்துச் சாத்தினேன்.

மூன்று வாரம் கழித்து அதே வேன் மறுபடி வந்தது. இறங்கியவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாடி வளர்ந்து, கண்கள் உள்ளே போயிருந்தன. நான் பழைய உற்சாகத்தில், "என்ன தம்பி, புள்ள பொறந்துருச்சா? இனிப்பு எங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"பொறந்துச்சு பாஸ். பொம்பளப் புள்ள. தங்கல" என்றார்.

கராஜ் வாசலில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்து அவரே சொன்னார். விடியற்காலை நான்கரைக்கு மனைவிக்கு வலி கண்டிருக்கிறது. கூடவே இரத்தம் போக ஆரம்பித்திருக்கிறது. தோட்டத்து மருத்துவிச்சி பார்த்துவிட்டு, இது என் கையில் இல்லை, மாத்தளைக்குக் கொண்டு போ என்றிருக்கிறார். ஊரடங்கு நேரம்தான். வேனுக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, பின் சீட்டில் மனைவியைப் படுக்க வைத்துவிட்டு, இவர் சாவியைத் திருப்பியிருக்கிறார்.

"நீங்க சொன்ன மாதிரி இருவது எண்ணித்தான் பாஸ் திருப்புனேன். புடிக்கல. திரும்பவும் எண்ணுனேன். புடிக்கல. பெட்டரி எறங்கிற வரைக்கும் எண்ணி எண்ணிப் பாத்தேன். அவசரத்துல வேகமா எண்ணிட்டேன் போல பாஸ்."

தோட்டத்து லயன் வீடுகளில் இருந்த ஆட்கள் வந்து தள்ளியிருக்கிறார்கள். சரிவில் உருட்டியும் வெள்ளைப் புகை வந்ததே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை. சரிவு முடிந்த இடத்தில் வண்டி நின்றுவிட்டது. வீடுகளில் இருந்து சுடுதண்ணீர் கொண்டுவந்து இன்ஜின் மேல் ஊற்றி, இன்னொருவர் பெட்டரியைக் கழற்றி வந்து மாட்டி, வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான் வண்டி ஸ்டார்ட் ஆனது. இரண்டு மணி நேரம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தாயைக் காப்பாற்றினார்கள். அந்த இரண்டு மணி நேரம் கையில் இருந்திருந்தால் பிள்ளையும் தங்கியிருக்குமா என்று யாரும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

"அவ பின்னால படுத்துக்கிட்டு நான் எண்ணுறத கேட்டுக்கிட்டே இருந்தா பாஸ். ஏன் இவ்வளவு வேகமா எண்ணுனீங்கன்னு ஆஸ்பத்திரில வச்சி ஒரே ஒருக்கா கேட்டா. அதுக்கப்புறம் எங்கிட்ட பேச்சில்ல." டயரில் இருந்து எழுந்து, "வண்டிய வித்துரலாம்னு இருக்கேன். இன்னமும் காலையில மக்கர்தான். ஒருக்கா பாத்துக் குடுங்க" என்றார்.

அன்று பட்டையைக் கழற்றாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சீட்டைத் தூக்கி, இந்த முறை நான்கு நட்டுகளையும் கழற்றிப் பட்டையை வெளியே எடுத்தேன். பிறகு மீட்டரை வைத்தேன். முதல் பிளக்கில் எண் வரவில்லை. திரையின் இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நின்றது. மின்சாரம் போக வழியே இல்லை, பிளக் செத்துவிட்டது என்பதற்கு அந்த மீட்டரில் அதுதான் அடையாளம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் 0.9. நான்காவதும் செத்திருந்தது.

விஷயம் இவ்வளவுதான். பட்டை இருக்கும்வரை நான்கு பிளக்கும் ஒன்றோடு ஒன்று ஒட்டிய மாதிரி. ஒன்றே ஒன்று நல்லதாக இருந்தாலும், எதில் வைத்தாலும் மீட்டர் அந்த ஒன்றின் எண்ணைத்தான் காட்டும். அன்று நான் நான்கு பிளக்கைப் பார்க்கவில்லை. ஒரே பிளக்கை நான்கு தடவை பார்த்திருக்கிறேன். நான்கும் நல்லதாக இருந்திருந்தால், பட்டையோடு பார்க்கும்போது எண் இன்னும் நன்றாகக் குறைந்திருக்கவும் வேண்டும். அதையும் நான் யோசிக்கவில்லை. தொழில் பழகப் போன முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்ட பாடம் அது.

அவர் ஆயிரம் வரை நிதானமாக எண்ணியிருந்தாலும் அந்தக் குளிரில் ஒரு பிளக்கை வைத்துக்கொண்டு அந்த இன்ஜின் பிடித்திருக்காது. அதை அந்த நிமிடமே அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"மூணு பிளக் போயிருக்கு தம்பி" என்றேன்.

"அன்னைக்கு நாலும் நல்லா இருந்துச்சே பாஸ்?"

"அதுக்குப் பொறகு போயிருக்கும்."

அவர் நம்பினார். என்னை நம்பாமல் இருக்க அவருக்குக் காரணம் ஏதும் இல்லை. மூன்று புதுப் பிளக் வாங்கி வரச் சொல்லி, போட்டு, பட்டையை மாட்டிக் கொடுத்தேன். கும்பிட்டுவிட்டுப் போனார். செத்த மூன்றையும் எறிய மனம் வராமல் மேசை லாச்சிக்குள் போட்டு வைத்தேன்.

அதன் பிறகு நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவளிடமும் சொல்லவில்லை. ஊரில் தினம் எத்தனையோ சாவு விழுகிறது, இதுவும் அதில் ஒன்று என்று எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டிப் பார்த்தேன். கண்ணை மூடினால் அந்த மனுஷன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற சத்தம்தான் கேட்டது. செய்யாத தப்புக்கு அவரை அவர் வீட்டுக்குள்ளேயே ஒதுக்கி வைத்துவிட்டு நான் இங்கே கடை திறந்துகொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு என்னைத் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டரையும் செத்த மூன்று பிளக்கையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இரத்தோட்டை பஸ்ஸில் ஏறினேன். வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் பைக்குள் வயரும் பிளக்கும் இருந்ததைப் பார்த்ததும் ஒரு சிப்பாய் என்னைத் தனியே நிறுத்தினான். பிளக்குகள் பார்வைக்குத் துப்பாக்கித் தோட்டா மாதிரியே இருக்கும். உள்ளங்கையில் போட்டு உருட்டிக்கொண்டே, இதெல்லாம் என்ன என்று சிங்களத்தில் கேட்டான்: "மே மொனவத?" வேனுடைய ஹீட்டர் பிளக் என்று சிங்களத்தில் சொன்னேன். நல்லதா, பழுதா என்று கேட்டான். பழுது என்றேன். பழுதானதை எதற்குச் சுமந்துகொண்டு போகிறாய் என்றான். ஓர் ஆளுக்குக் காட்ட வேண்டும் என்று மட்டும்தான் சொல்ல வந்தது. திரும்பிப் போ என்று சொல்லிவிட மாட்டானா என்று மனம் ஏங்கியது. பையைத் திருப்பிக் கொடுத்து, ஏறு என்றான்.

இரத்தோட்டைக்கு மேலே அன்று பஸ் ஓடவில்லை. இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரம், மிளகுத் தோட்டங்களுக்கும் தேயிலைக்கும் நடுவில் நடந்தேன். பனி இறங்கிப் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது, வேன் வாசலில் சக்கரத்துக்குக் கல் வைத்து நின்றது. வேன்காரரின் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்து மிளகைக் காம்பிலிருந்து உருவிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு. வேன்காரர் வேனுக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தார். ஒரே வாசலில் இருந்தும், ஆளுக்கொரு ஊரில் இருக்கிற மாதிரி இருந்தார்கள்.

உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வாய் திறக்காது என்று தெரியும். நின்றபடியே சொன்னேன். அன்று பிளக்கைச் சரியாகப் பார்க்காதது நான்தான், மூன்று பிளக் அப்போதே செத்துத்தான் இருந்தது, பிறகு போயிருக்கும் என்று சொன்னதும் பொய், தம்பி எவ்வளவு மெதுவாக எண்ணியிருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்காது. இவ்வளவும் ஒரே மூச்சில் சொன்னேன். வேன்காரர் என்னையே பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பி வேன் கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. என் கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் பெண்ணின் கை நின்றுவிட்டது. சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"எனக்கு வெளங்கல அண்ணே. எப்புடிப் பாத்திருக்கணும்? காட்டுங்க" என்றார்.

வேனின் முன் சீட்டைத் தூக்கினேன். நான்கு நட்டுகளையும் கழற்றிப் பட்டையை எடுத்தேன். பழைய நல்ல பிளக்கையும் வெளியே எடுத்து, கொண்டுபோன மூன்றோடு இன்ஜினின் இரும்பு மேல் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாக மீட்டரைத் தொட்டுக் காட்டினேன். மூன்றில் வெறும் 1. ஒன்றில் மட்டும் 0.9. அதன் பிறகு நான்கின் தலையையும் தொடுகிற மாதிரி பட்டையை வைத்துவிட்டுத் தொட்டேன். நான்கிலும் 0.9. அந்தப் பெண் குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பட்டைய கழட்டிட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்?"

"ஆமா தங்கச்சி."

"இந்த நாலு நட்டுதானா?"

"ஆமா."

நான் கழற்றிய நட்டுகள் சீட்டின் விளிம்பில் கிடந்தன. அவர் அவற்றில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். கழற்றுவதற்கு எவ்வளவு நேரம் என்று அவர் கேட்கத் தேவையே இல்லை. கண் முன்னால்தான் கழற்றியிருந்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

"அன்னைக்கு ஏன் அண்ணே கழட்டல?"

நான் மீட்டரின் வயரைச் சுற்றத் தொடங்கினேன். என் முகத்தைப் பார்த்தவர், என்ன நினைத்தாரோ, அவரே பதிலும் சொன்னார். "அன்னைக்கு கர்பியூ போட்டாங்களே, அதுல அவசரப்பட்டுட்டீங்களா? ஊரே பயந்துக்கிட்டுத்தான கெடந்துச்சு. உசுருக்குப் பயந்தவங்கள என்ன சொல்றது."

நான் தலையாட்டினேன்.

அவர் புருஷன் பக்கம் திரும்பினார். "பனி கொட்டுது. உள்ள வாங்க" என்றார். வேன்காரர் நம்ப முடியாமல் திரும்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்ற மறந்து, மனைவியின் பின்னாலேயே வீட்டுக்குள் போனார். நான் எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, நான்கு நட்டுகளையும் இறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் ஒரு கோப்பை பால் விடாத வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து கையில் கொடுத்து, "குடிச்சிட்டுப் போங்க அண்ணே. இருட்டுறதுக்குள்ள போய்ச் சேருங்க" என்றார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. குடித்துவிட்டு இறங்கினேன்.

அவர்கள் வேனை விற்றுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு வருடம் கழித்து இரத்தோட்டைச் சந்தையில் இருவரையும் ஒன்றாகப் பார்த்தேன். பேசிக்கொண்டே போனார்கள். நான் ஒரு கடைக்குள் ஒதுங்கிக்கொண்டேன். பக்கத்துக் கடை நானா உயிரோடு இருந்தவரை, "அந்த மஞ்சப் பொட்டிய இப்ப ஏன் யாருக்கும் காட்டுறதில்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

உண்மையைச் சொல்லத்தான் அன்று அந்த மலை ஏறினேன். மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். ஆனால் அந்தப் பெண் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டபோது, இல்லை தங்கச்சி, எனக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை, உங்கள் வீட்டுக்காரர் போன பிறகு அரை மணி நேரம் பக்கத்துக் கடைக்காரருக்கு மீட்டரைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன், மண்டைக்கனத்தில்தான் கழற்றவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் நீட்டிய சாக்கைப் பிடித்துக்கொண்டு தப்பி வந்துவிட்டேன். எத்தனையோ வருடம் ஓடிவிட்டது. எனக்கும் தலை நரைத்துவிட்டது. அந்தப் பெண் என்னை மன்னித்தாரா என்று தெரியாது. மன்னித்திருந்தால், அது பயத்தில் தவறு செய்த ஒரு மனிதனுக்குக் கொடுத்தது. அந்த மனிதன் நான் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.